கடைசி ஆளின் குரல்

மொட்டைமேட்டில் பூ பூத்துவிட்டது என்ற சேதியை முதலில் கொண்டுவந்தது கரிச்சான் குருவிதான்.

"மஞ்சள் ஒரு பக்கம், ஊதா ஒரு பக்கம்! நடுவுல வெள்ளை வெள்ளையா! கால் வைக்க இடமில்லை!" என்று காடெல்லாம் கத்திக்கொண்டு பறந்தது.

மொட்டைமேடு அந்த மலைக்காட்டுக்கு மேலே இருந்தது. வருஷம் முழுக்க அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. அதனால்தான் அந்தப் பேர். ஆனால் சித்திரையில் இரண்டு மழை விழுந்தால் போதும், ஐந்தாறு நாளைக்கு மேடு முழுக்கப் பூவாக இருக்கும். அப்புறம் ஒரு பெரிய மழை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சேதி வந்த மறுநாளே கிளம்பிவிட வேண்டும்.

சேதி காதில் விழுந்ததும் அழுங்குக்கு எறும்பு தின்பதே மறந்துபோயிற்று.

அழுங்கு யாரென்று கேட்கிறீர்களா? எறும்புதின்னி! உடம்பெல்லாம் செதில். கால் குட்டை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். பிறந்ததிலிருந்து தரையையும் புற்றையும் பார்த்தே வளர்ந்தது. உதிர்ந்து காய்ந்த பூவைத்தான் அது பார்த்திருக்கிறதே தவிர, செடியில் நிற்கிற பூவை ஆசைதீரப் பார்த்ததில்லை.

போன வருஷமும் அது கிளம்பத்தான் பார்த்தது. முயல்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நீயா? நீ வந்து சேர்றதுக்குள்ள பூ போய்க் காயே வந்துடும்!" என்று சொல்லிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அழுங்கும் சிரித்தது. சிரித்துவிட்டுப் போய்ப் பொந்துக்குள் படுத்துக்கொண்டது. அந்த ஒரு சொல் ஒரு வருஷமாக அதன் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் கூட்டத்துக்குத் தலைமை மிளா. அது பெரிய மான், நிதானமானது.

"அழுங்கும் வரட்டும்" என்றது மிளா.

"அண்ணே! உங்களுக்கு நான் பாரமா இருக்க மாட்டேன்! என்னால யாரும் நிக்க வேண்டி வராது! சத்தியம்!" என்றது அழுங்கு.

அந்தச் சத்தியத்தை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அதுவாகவே செய்தது. அவ்வளவு ஆசை.

காலையில் கிளம்பினார்கள். முன்னால் மிளா, அடுத்து முயல், அதற்குப் பின்னால் மந்தி அக்கா, கடைசியில் அழுங்கு. தலைக்கு மேலே கரிச்சான்.

மலை ஏறும்போது அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அங்கே பனிமூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். முன்னே போகிறவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள். ஆகவே தலைவர் அவ்வப்போது, "கடைசி ஆள்?" என்று கூப்பிடுவார். கடைசியில் வருகிறவர், "இருக்கேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கிட்டத்தில் கேட்டால் எல்லாரும் பத்திரம் என்று அர்த்தம். குரல் தூரத்தில் கேட்டாலோ, கேட்காமலே போனாலோ, அவர் வந்து சேரும்வரை எல்லாரும் நிற்க வேண்டும்.

முதல் ஏற்றத்தில் மிளா கூப்பிட்டது. "கடைசி ஆள்?"

"இரு... இருக்கேன்!" எங்கோ கீழேயிருந்து அழுங்கின் குரல் வந்தது.

எல்லாரும் நின்றார்கள். அழுங்கு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. மிளா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மந்தி பாறைமேல் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முயல் தலையைக் குனிந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"கோபம்! எல்லாருக்கும் என்மேல கோபம்!" என்று நினைத்தது அழுங்கு.

இரண்டாவது ஏற்றத்திலும் அதே கதை. மூன்றாவதிலும் அதே கதை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அழுங்குக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது.

"என்ன அழுங்கு, நாக்கு தள்ளுதா?"

"கரிச்சானே, நீ யார் குரல்ல வேணும்னாலும் பேசுவியாமே?"

"பின்னே? பருந்து மாதிரி கத்தி நம்ம முயலையே புதருக்குள்ள ஓட வச்சிருக்கேன்!"

"என் குரல் வருமா?"

கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இருக்கேன்!" என்றது. அப்படியே அழுங்கின் குரல்! அந்த மூச்சிரைப்புகூட அச்சு அசலாக இருந்தது.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. அண்ணன் கூப்பிட்டா, அவங்களுக்குக் கொஞ்சம் பின்னால இருந்துக்கிட்டு எனக்குப் பதிலா நீ குரல் கொடு. அவங்க நிக்காம போகட்டும். நான் மெதுவா வந்து சேர்ந்துக்கறேன்."

"ஏன், நின்னா நிக்கட்டுமே! பூ எங்கே ஓடிப்போகுது?"

"வேணாம்! நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

கரிச்சான் நல்ல பறவைதான். ஆனால் தன் வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுமா? சரி என்று பறந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மிளாவின் குரல் கேட்டது. "கடைசி ஆள்?"

"இருக்கேன்!"

"அட, பரவாயில்லையே! அழுங்கு இப்ப நல்லாவே நடக்குதே!" என்றது முயல்.

அது காற்றில் மிதந்து வந்து அழுங்கின் காதில் விழுந்தது. அழுங்குக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பாராட்டு என்னவோ கரிச்சானுக்குச் சேர வேண்டியது. அதை யார் யோசித்தார்கள்? அழுங்கு ஒரு கல்லில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டது.

எழுந்து பார்த்தால் பனி இறங்கியிருந்தது. நாலு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பேச்சுச் சத்தமும் நின்றுபோயிருந்தது. அழுங்கு அவசர அவசரமாக ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரிவு.

அப்போது வானம் இடித்தது. டமார்!

இடி இடித்தால் அழுங்கு என்ன செய்யும்? சுருண்டுகொள்ளும். சமதரையில் சுருண்டால் பந்து கிடக்கும். சரிவில் சுருண்டால்? உருண்டது! கல்லில் முட்டி, புல்லில் வழுக்கி, கடகடவென்று உருண்டுபோய், காய்ந்து கிடந்த ஓடைக்குள் ஒரு பாறை இடுக்கில் விழுந்தது.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. செதில் காப்பாற்றியது. ஆனால் இடுக்கின் இரண்டு பக்கமும் வழவழவென்று பாறை. நகத்தை ஊன்றினால் வழுக்கியது. புற்றையே பிளக்கிற நகம் அந்தப் பாறையில் ஒன்றுக்கும் உதவவில்லை.

மழை கொட்ட ஆரம்பித்தது. காய்ந்த ஓடை எத்தனை நேரம் காய்ந்தே இருக்கும்? முதலில் பாதம் நனைந்தது. பிறகு வயிறு நனைந்தது.

மேலேயிருந்து குரல் கேட்டது. "கடைசி ஆள்?"

அழுங்கு வாயைத் திறந்தது. அதற்குள், "இருக்கேன்!" என்று அதன் குரலே மேலேயிருந்து பதில் சொன்னது. தெளிவாக, சந்தோஷமாகச் சொன்னது.

அழுங்கு திறந்த வாயை மூடிக்கொண்டது. 'கூப்பிட்டா எல்லாரும் இறங்கி வரணும். அதுக்குள்ள மழை பூவை அடிச்சுடும். என்னாலதான் போச்சுன்னு ஆயிடும். முயல் சொன்னது சரியாப் போயிடும்...'

அட அசடே! தண்ணீர் வயிற்றுக்கு வந்தாயிற்று, இன்னும் மானம் பார்க்கிறாயே! முழ நீளத்துக்கு நாக்கு இருந்து என்ன பிரயோஜனம், ஒரு வார்த்தை வரவில்லை!

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கால் தரையில் பாவவில்லை. மறுபடியும் மேலே கேட்டது, இன்னும் தூரத்தில்.

"கடைசி ஆள்?"

"இருக்கேன்!"

அந்தக் குரலைக் கேட்டதும்தான் அழுங்குக்கு உறைத்தது. தன் குரலே தன்னைக் கைவிட்டுவிட்டுப் பூப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறதே! இனிமேல் யாருக்கும் தெரியாது. யாரும் தேட மாட்டார்கள். மானம், சத்தியம் எல்லாம் தண்ணீரோடு போயிற்று.

"இல்லே! நான் அங்கே இல்லே!" என்று அலறியது. "இங்கே கிடக்கேன்! என்னால முடியலை அண்ணே! முடியலை! வாங்க!"

மேலே ஒரு சத்தமும் இல்லை. மழைதான் இரைந்தது. பிறகு மிளாவின் குரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை பதறிக்கொண்டு.

"கடைசி ஆள்?"

கரிச்சான் பதில் சொல்லவில்லை. கீழேயிருந்து வந்த அலறலைக் கேட்டதும் அதற்கு அலகே திறக்கவில்லையாம். பிற்பாடு அதுவே சொன்னது.

"இங்கே! ஓடைக்குள்ள! பாறை இடுக்குல!" என்று அழுங்கு மறுபடி கத்தியது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? தடதடவென்று குளம்புச் சத்தம் இறங்கி வந்தது. முதலில் எட்டிப் பார்த்தது முயலின் நீளக் காது.

"இதோ! இங்கே இருக்கு! சீக்கிரம் வாங்க! ஐயோ, தண்ணி மூக்குக்கு வந்துடுச்சு!" என்று முயல் துள்ளித் துள்ளிக் கத்தியது.

மிளா கரையில் நாலு காலையும் ஊன்றி நின்றது. மந்தி அதன் பின்னங்காலைக் கட்டிக்கொண்டு, தன் நீள வாலை இடுக்குக்குள் தொங்கவிட்டது.

"பிடிச்சுக்கோ அழுங்கு!"

"அக்கா, என் நகம் குத்தும்!"

"குத்தினா குத்தட்டும்! இப்பவும் மரியாதை பார்த்துக்கிட்டு நிக்காதே! பிடி!"

அழுங்கு பிடித்தது. மிளா இழுத்தது. "ஐயோ அம்மா, என் வாலு!" என்று மந்தி போட்ட கூச்சல் இடியையே தோற்கடித்தது. ஆனால் அழுங்கு வெளியே வந்துவிட்டது!

எல்லாரும் ஒரு பாறைக் குடைவுக்குள் ஒண்டிக்கொண்டார்கள். கரிச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னது. அழுங்கு முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"மன்னிச்சுடுங்க. என்னால நீங்க நின்னு நின்னு காத்துக்கிட்டிருந்தது எனக்குத் தாங்கலை. அதான் இப்படிப் பண்ணினேன். இப்போ உங்க பூவும் போச்சு."

மிளா பெருமூச்சு விட்டது. "பூ கிடக்கட்டும். நான் நின்னது உனக்காகன்னா நினைச்சே?"

தன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. குளம்பு இடுக்கில் ஒரு பெரிய முள்! சுற்றிலும் வீங்கியிருந்தது.

"மூணு நாளா இருக்கு. தலைவன் நொண்டலாமான்னு யார்கிட்டயும் சொல்லலை. நீ பின்தங்கறப்பல்லாம் 'அப்பாடா'ன்னு காலைத் தூக்கி வச்சுக்கிட்டேன். நடுவுல நீ திடீர்னு வேகமா வர ஆரம்பிச்சியே, எனக்கு உயிரே போச்சு!"

"அட, நீங்களுமா!" என்றது மந்தி. "நான் மரத்துல தாவிப் பழகினவ. தரையில நடந்து நடந்து உள்ளங்கால் எரியுது. அழுங்கு புண்ணியத்துலதான் கொஞ்சம் உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டேன்."

எல்லாரும் முயலைப் பார்த்தார்கள். முயலுக்குக் காது இரண்டும் தொங்கிப்போயிற்று.

"எனக்கு ஏற்றத்துல மூச்சு வாங்கும்" என்றது மெல்லிய குரலில். "முயலுக்கு மூச்சு வாங்குதுன்னா ஊர் சிரிக்காதா? அது தெரியக் கூடாதுன்னுதான் தலையைக் குனிஞ்சு தரையைச் சுரண்டினேன். போன வருஷம் நான் சொன்னதை மறந்துடு அழுங்கு. நீ வராததால வழியில எங்கேயும் நிக்கவே இல்லை. நான்தான் செத்துப் பிழைச்சேன்!"

அழுங்கு நிமிர்ந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. அதற்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"அண்ணே, காலைக் கொடுங்க" என்றது. பாறையில் உதவாத நகம் முள்ளுக்கு உதவியது. ஒரே இழுப்பு. முள் வெளியே வந்து விழுந்தது.

மழை விட்டதும் மெதுவாகக் கிளம்பினார்கள். யாருக்கு வலித்தாலும் சொன்னார்கள், சொன்ன இடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்வதற்குள் மேட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

பாதிப் பூவை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. மீதிப் பாதி தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. மஞ்சளும் ஊதாவும் வெள்ளையும்! மிளாவுக்கு அவை காலடியில் இருந்தன. குட்டைக்கால் அழுங்குக்கோ எல்லாம் முகத்துக்கு நேரே இருந்தன. பூவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு அது நெடுநேரம் நின்றது.

"நல்லாப் பார்த்துக்கோ அழுங்கு" என்றது முயல். "இன்னும் காய்க்கலை!"

இந்தத் தடவை அழுங்கு மனசாரச் சிரித்தது.

இறங்கும்போது மிளா வழக்கம்போலக் கூப்பிட்டது. "கடைசி ஆள்?"

பழக்க தோஷம், கரிச்சான் அலகைத் திறந்துவிட்டது! சட்டென்று இறக்கையால் மூடிக்கொண்டது.

பின்னாலிருந்து அழுங்கின் சொந்தக் குரல் வந்தது. "இருக்கேன்! ஆனா கால் வலிக்குது!"

"எனக்கும்!" என்றது மிளா. "எனக்கும்!" என்றது மந்தி. "அப்பாடா, எனக்கும்!" என்று சொல்லிக்கொண்டே முயல் புல்லில் தொப்பென்று விழுந்தது.

வலிக்கிறபோது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்பவருக்குத்தான் துணை கிடைக்கும். வெட்கப்பட்டு மறைப்பவரை, கூடவே நடக்கும் நண்பர்களாலும் காப்பாற்ற முடியாது.