சொந்தத் தெருவில் ஒரு பிடி அரிசி

அவர் பெயர் குருவம்மாள். கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. பிள்ளைகள் கேலியாக 'குரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. வயது நாற்பதைத் தொடவில்லை. அதட்டுவார், சிரிப்பார், சைக்கிளில் போவார். யாருக்கும் ஞானம் வழங்கும் உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே அவர் நடத்துகிற கஞ்சிக் கொட்டகை. நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு கிடைத்துவிடும். அவரைப் பார்த்துக்கொள்ள வந்து, வராந்தாவில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு யார் கொடுப்பது? அவர்களுக்காகத்தான் கொட்டகை. அரிசி ஊரிலிருந்து வரும். சனிக்கிழமைதோறும் மாணவர்கள் ஆளுக்கொரு தெருவாகப் போய் வாங்கி வருவார்கள்.

குருவின் சட்டங்கள் கொஞ்சம்தான். பணம் வாங்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. எந்த வீட்டையும் விடக் கூடாது. பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வாய் திறந்து கேட்க வேண்டும்.

தமயந்தி அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளு."

"கை நீட்டிக் கேக்குறது கேவலம் இல்லையா?"

மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். குரு ஒரு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்தார்.

"உன் வீடு எந்தத் தெரு?"

"நெசவாளர் காலனி ரெண்டாவது தெரு."

"இன்னைக்கு அந்தத் தெரு உனக்கு."

தமயந்திக்கு முகம் செத்துவிட்டது.

"வேற தெரு குடுங்க மேடம். பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போறேன்."

"அது சிக்கந்தருக்கு."

அவ்வளவுதான். குரு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தமயந்தியின் பயம் அநியாயமானது என்று சொல்ல முடியாது. அவளுடைய அப்பா சங்கையா ஒரு காலத்தில் சொந்தமாக விசைத்தறி வைத்திருந்தவர். நூல் விலை ஏறியது, தறிகளை விற்றார். இப்போது இன்னொருவர் கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அந்தக் கஷ்டத்திலும் மச்சினன் வீட்டுக்குப் போகவில்லை, வட்டிக்காரன் வீட்டுக்கும் போகவில்லை. "நாம கை நீட்டாத குடும்பம்" என்பார். வீட்டில் விற்காமல் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சுதான். அதைத் தெருநடுவே போட்டு உடைக்க மகளுக்கு மனசு வருமா?

தமயந்தி யோசித்தாள். நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். மாத பஸ் பாஸுக்கு வைத்திருந்த காசில் அரிசி வாங்கிப் பையில் கொட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கோயில் நிழலில் உட்கார்ந்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினாள்.

குரு அந்த அரிசியை முறத்தில் கொட்டினார். பக்கத்து முறங்களில் மற்ற பிள்ளைகள் கொண்டுவந்த அரிசி கிடந்தது. ரேஷன் அரிசி, இட்லி அரிசி, பச்சரிசி, எவர் வீட்டிலிருந்தோ நாலு சிவப்பரிசி, தவறி விழுந்த துவரம்பருப்பு. எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தது. தமயந்தியின் முறம் மட்டும் ஒரே வெள்ளையாக, ஒரே அளவாக இருந்தது.

"ஏம்மா, உங்க தெரு மொத்தமும் ஒரே பொன்னி அரிசியா சாப்பிடுது?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தமயந்தி சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"என் காசுல வாங்கினேன் மேடம். யாருகிட்டயும் கேக்கலை. கஞ்சிக்கு அரிசிதானே வேணும்? இது போதாதா?"

"போதும். நல்ல அரிசி."

குரு அதை எடுத்துப் பெரிய டிரம்மில் கொட்டினார். காலிப் பையை உதறி அவள் கையில் கொடுத்தார்.

"இப்ப உங்க தெருவுக்குப் போயிட்டு வா."

"அப்பா ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வீட்டுல இருப்பாரு மேடம். பாத்தா உடைஞ்சு போயிருவாரு."

"இருக்கலாம்."

"அப்புறம் ஏன் போகச் சொல்றீங்க?"

"எனக்கும் தெரியாது. நீ போயிட்டு வந்து சொல்லு."

தெருமுனையில் முத்துராக்கு அத்தை வீடு. தமயந்தி பையை விரித்தாள். பாதிக் குரலில்தான் கேட்டாள்.

"ஒரு பிடி அரிசி தாங்க."

அத்தை அவளையும் பையையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏன்டி, வீட்டுல அரிசி தீந்துபோச்சா? உள்ள வா. ரெண்டு படி போட்டுத் தர்றேன். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஓடினால் அத்தை நினைத்தது உண்மையாகிவிடும்.

"எங்களுக்கு இல்ல அத்தை. ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடக்குறவங்களுக்குக் கஞ்சி காய்ச்ச. ஒரு பிடி போதும். ரெண்டு படி குடுத்தா வாங்கக் கூடாது."

"அட, அந்தக் கொட்டகைக்கா! எங்க அண்ணன் படுத்திருந்தப்ப நானும் குடிச்சிருக்கேன்டி!"

அத்தை கைநிறைய அள்ளிவந்து போட்டாள். கையை மூடினால் மூட முடியாத அளவு. அவள் கணக்கில் அதுவும் ஒரு பிடிதான்.

அடுத்த வீட்டில் குரல் கொஞ்சம் வெளியே வந்தது. அதற்கடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம். ஒருவர் கல்லூரியில் இதற்கு மார்க் உண்டா என்று கேட்டார். ஒரு பாட்டி ரேஷன் அரிசிதான் இருக்கிறது என்று தயங்கி, "கஞ்சிக்கு அதுதான் குழையும்" என்று தமயந்தி சொன்னதும் சந்தோஷமாகப் போட்டாள். தெருவின் பாதிக்கு வருவதற்குள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. கேவலம் என்ற நினைப்பு வழியில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. எங்கே என்று அவள் பார்க்கவில்லை.

அவள் வீட்டை ஒட்டிய வீடு சௌந்தரம் அத்தையுடையது. அரிசியைப் போட்டுவிட்டு அத்தை சொன்னாள்:

"உங்க வீட்டை விட்டுட்டு அந்தாண்ட போ தாயி. அப்பா பாவம், அவரு கஷ்டம் அவருக்கு. உங்க வீட்டுக்கும் சேத்து நானே இன்னொரு பிடி போட்டுடுறேன்."

அன்போடுதான் சொன்னாள். அள்ளிய கையை நீட்டியும் விட்டாள். தமயந்தி பையின் வாயை மூடிக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. எங்க வீட்டுக்கு எங்க வீடு போடும்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். பக்கத்து வாசலில் அப்பா நின்றிருந்தார். பனியன், லுங்கி, தூக்கம் கலைந்த கண். எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு.

இனி எங்கே ஒளிவது? தமயந்தி நாலு எட்டு வைத்துத் தன் வீட்டு வாசலில் போய் நின்றாள். பையை இரண்டு கையாலும் விரித்தாள்.

"ஒரு பிடி அரிசி தாங்க."

சங்கையா மகளின் முகத்தைப் பார்த்தார். விரித்த பையைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

வாசல் வெறுமையாக நின்றது. சௌந்தரம் அத்தை "நான்தான் சொன்னேன்ல" என்றாள். தமயந்தி விரித்த பையை இறக்கவில்லை.

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல்: "அரிசி குடுக்குறதுக்கு என்னத்துக்குங்க சட்டை?"

அப்பா வெளியே வந்தார். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். தண்ணீர் தொட்டுத் தலை வாரியிருந்தார். குவித்த இரண்டு கைகளிலும் அரிசி இருந்தது.

"எங்க இருந்து வர்றீங்க?"

பெற்ற மகளைப் பார்த்து, 'ங்க' போட்டுக் கேட்டார். தமயந்திக்குக் கண் நிறைந்தது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"ஆஸ்பத்திரி கஞ்சிக் கொட்டகையில இருந்து வர்றோம்."

"காலையிலயா, ராத்திரியா கஞ்சி?"

"ரெண்டு வேளையும்."

"நல்லது."

அரிசியைப் பையில் விட்டார். ஒரு மணி கீழே சிந்தவில்லை. உள்ளங்கையில் ஒட்டியதையும் தட்டிவிட்டார்.

"அடுத்த வாரமும் வாங்க. விட்டுட்டுப் போயிராதீங்க."

"வர்றோம்."

மீதி வீடுகளையும் முடித்துவிட்டுத் தமயந்தி திரும்பிப் பார்த்தாள். அப்பா இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார், அதே சட்டையோடு. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை அவள் பக்கம் நீண்டிருந்தது. மாவட்டத்தில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு விம்மியதில்லை.

கொட்டகையில் பையைக் கவிழ்த்தாள். முறத்தில் ஏழெட்டு நிறத்தில் அரிசி பரவியது. குரு விரலால் அளைந்துபார்த்துவிட்டுக் கழுவ எடுத்துக்கொண்டார். தமயந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"மேடம், அப்பா உடையலை."

"ம்."

"ஒண்ணு மட்டும் புரியலை. எனக்கு ஒரு பிடி அரிசி போடுறதுக்கு எதுக்குக் கல்யாணச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுட்டு வந்தாரு?"

குரு முதல் கழுநீரை வடித்தார்.

"உங்க வீட்டு வாசல்ல இதுக்கு முன்னாடி யாராச்சும் வந்து, எனக்கு இது குடுங்கன்னு உங்கப்பாவைக் கேட்டது எப்போ?"

தமயந்தி நினைத்துப் பார்த்தாள். கோயில் பொங்கலுக்கு வசூலிக்க வருகிறவர்கள் சௌந்தரம் அத்தை வீடு முடிந்ததும் இவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். நூலகத்துக்கு நன்கொடை கேட்டு வந்தவர்கள் தெருவில் நின்று இவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். கல்யாணப் பத்திரிகை வருவதுகூடக் குறைந்துவிட்டது. எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் இரக்கப்பட்டவர்கள்தான்.

"தறியை வித்தப்புறம் யாரும் வரலை மேடம்."

குரு அரிசியை உலையில் போட்டார்.

"இன்னைக்கு வந்தாங்கல்ல. வாசலுக்கு ஆள் வந்தா, சட்டை போட்டுட்டுத்தானே வெளிய வரணும்?"