பாம்பாக ஊர்ந்த கீரி

முதலில் பாம்புகள் கறையான்கள் கட்டிய புற்றுகளைப் பிடித்துக்கொண்டன. அடுத்து, குளத்துக்குப் போகும் பாதையை மறித்தன. மூன்றாவதாக, காடைகளின் முட்டைகளை விழுங்கின. நான்காவதாக, தட்டிக்கேட்கத் தனியாகப் போன கீரியின் வாலைக் கடித்தன. கடிபட்ட இடம் அழுகி, பாதி வால் போயிற்று.

அந்தக் கீரியின் பெயர் செங்கண்ணன். காட்டோரத்து மணல்திட்டில் மாலைதோறும் அது மற்ற பிராணிகளுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்தியது. பாம்பு கொத்த வந்தால் எப்படி விலகுவது, எப்படி அதன் கழுத்தை மிதிப்பது என்பதுதான் பாடம். எல்லாப் பிராணிகளும் கற்றுக்கொண்டால் ஒன்றாகப் போய்ப் பாதையை மீட்கலாம். கோடை முற்றினால் தொலைவிலுள்ள மலையடிச் சுனையும் வற்றிவிடும்; அதற்குள் மீட்காவிட்டால் தண்ணீர் இல்லாமல் சாக வேண்டியதுதான்.

மேலே சொன்ன நான்கு அநியாயங்களையும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டுத்தான் செங்கண்ணன் வகுப்பைத் தொடங்கும். மூன்றாவதற்கு வருவதற்குள் பாதி வகுப்பு தூங்கி விழும். பிறகு மணலில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டித் தாண்டிக் குதிக்கச் சொல்லும். வேறு பயிற்சி கிடையாது.

முடிவில் ஒரு வழக்கம் உண்டு. அன்று கோட்டைத் தாண்ட முடியாமல் தோற்ற பிராணியின் பெயரைச் செங்கண்ணன் நகத்தால் மணலில் கீறும். மற்றவற்றைச் சாட்சியாக நிற்கவைத்து, அதை உரக்க வாசிக்கும். வெட்கப்பட்டால் ரோஷம் வரும் என்பது அதன் எண்ணம்.

ரோஷம் வரவில்லை. வந்துகொண்டிருந்தவையும் நின்றுவிட்டன. அணில்கள் நின்றன. முயல் நெட்டைக்காதன் நின்றது. கடைசியில் காடை புள்ளிச்சியும் வரவில்லை.

அன்று மாலை செங்கண்ணன் நான்கு அநியாயங்களையும் வெறும் மணலுக்குச் சொன்னது. கோட்டைத் தானே தாண்டிக் குதித்தது. அதன் நிழல் மட்டும் கூடவே குதித்தது. "இவங்களுக்காகவா வாலைக் கொடுத்தேன்?" என்று கேட்டது. இல்லை என்று சொல்லக்கூட அங்கே ஒரு ஜீவன் இல்லை.

பல மாலைகள் இப்படியே போயின. பிறகு தாங்க முடியாமல் புள்ளிச்சியின் புதரைத் தேடிப் போயிற்று.

"என்ன புள்ளிச்சி, முட்டைகளை மறந்தாச்சா?"

"மறப்பேனா அண்ணே? குளம் கைவிட்டுப் போனதால விடியும்போதே மலையடிச் சுனைக்கு நடக்கிறோம். திரும்பி வந்து இரை தேடணும். சாயங்காலம் கால் எங்க காலாவே இருக்காது. அதை வெச்சுக்கிட்டு உங்க கோட்டைத் தாண்டணும். தாண்டாட்டி எங்க பேரை வாசிப்பீங்க."

"களைப்பா இருக்குன்னா பாம்பு விட்டுடுமா?"

"விடாது. ஆனா கோட்டைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? நீங்களே பாம்பா வாங்களேன்!"

செங்கண்ணனுக்கு ரோமம் சிலிர்த்தது. "நான் பாம்பா? இந்த வாலைப் பார்த்துக்கிட்டே சொல்றியே!" என்று திரும்பி நடந்தது.

மறுபடியும் மணல்திட்டு. மறுபடியும் அது மட்டும். அன்று வானம் மூடியிருந்ததால் நிழல்கூட வரவில்லை.

அடுத்த மாலை இரை தேடிவிட்டு மணல்திட்டு வழியாகத் திரும்பிய பிராணிகள் திகைத்து நின்றன. செங்கண்ணன் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி வாலில் ஒரு நீளக் கொடியைக் கட்டியிருந்தது. அவற்றைப் பார்த்ததும் உஸ்ஸென்று சீறியது.

"அண்ணே, பாம்புக்கு இவ்வளவு தொப்பை கிடையாது," என்றது நெட்டைக்காதன்.

"கிட்ட வந்து சொல்லுடா!"

செங்கண்ணன் பாய்ந்தது. முயல் துள்ளி விலகியது. அணில்கள் சிரித்தன. செங்கண்ணன், சிரித்த அணில்களின் மீதும் பாய்ந்தது. களைப்பு போன இடம் தெரியவில்லை.

மறுநாளும் எல்லாம் வந்தன. அதற்கு அடுத்த நாளும் வந்தன. அநியாயங்களைச் சொல்லவும் நேரமில்லை, பெயர் வாசிக்கவும் நேரமில்லை. ஒரு மாலை, சீறிப் பாய்ந்த செங்கண்ணனிடமிருந்து புள்ளிச்சி பக்கவாட்டில் ஒதுங்கியது. ஒதுங்கிய வேகத்திலேயே அதன் கழுத்தை மிதித்து நின்றது.

செங்கண்ணன் எழுந்து மணலை உதறியது. "நாளைக்கு வகுப்பு குளத்துப் பாதையில். இப்போ எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க."

ஒன்றும் கிளம்பவில்லை.

"இன்னிக்குத் தோத்தவர் பேரை வாசிக்கலையே அண்ணே," என்றது நெட்டைக்காதன்.

எல்லாம் சாட்சியாகச் சுற்றி நின்றன. செங்கண்ணன் நகத்தால் மணலில் ஒரு பெயரைக் கீறியது. மற்றவர்களின் பெயர்களை வாசித்த அதே உரத்த குரலில் வாசித்தது:

"செங்கண்ணன்."

களைத்து வருபவர்களை எழுப்ப நினைக்கும் தலைவன், முதலில் தன் வயிற்றில் மண் ஒட்டச் சம்மதிக்க வேண்டும்.