படத்தில் இல்லாத அக்கா

முன்னொரு காலத்திலே, ஆமைகள் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, ஆழிமங்கலம் என்று ஒரு ராஜ்யம். அதன் கடற்கரையில் நீலன் என்றொரு ஓவியன். தாய் தகப்பன் இல்லாத அவனைக் கருவாடு விற்று வளர்த்தவள் அக்கா சங்கம்மா. அவள் கையில் கருவாட்டு வாடை, சேலையில் கருவாட்டு வாடை, அவள் போட்ட சோற்றிலும் கருவாட்டு வாடை. பயல் மூன்று வேளையும் அதைத்தான் தின்றான். வளர்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான். ரொம்ப முகம் சுளிக்காதீங்க, நாமெல்லாம் அவனைவிட யோக்கியமா என்ன?

ஒருநாள் வலையில் சிக்கித் தவித்த கிழட்டு ஆமையை நீலன் விடுவித்தான். அது அவனுக்கு ஒரு பெட்டி எண்ணெய்ச் சாயம் கொடுத்தது.

"இதால தீட்டினா படத்துல அலை அசையும், காத்து வீசும். ஆனா தம்பி, கண்ணால கண்டதை விட்டுடாதே. படத்துல நீ விட்டது கரையிலயும் இருக்காது. சாயம் காய மூணு நாள் ஆகும். அதுக்குள்ள திருத்தலாம். காய்ஞ்சா போனது போனதுதான்."

அந்த நேரம் பார்த்து ராஜா ஆள் அனுப்பினார். அமைதியான கடற்கரை ஒன்றைத் தீட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

விடிந்ததும் நீலன் கரையில் உட்கார்ந்தான். கடல், கட்டுமரம், இரண்டு தென்னை, பாயில் கருவாட்டைப் புரட்டும் அக்கா. அவ்வளவுதான் கரை. அவன் கோடு எதுவும் போடவில்லை. பொட்டுப் பொட்டாக வண்ணத்தை அப்பினான். கிட்டே போனால் வெறும் பொட்டு, பத்தடி தள்ளி நின்றால் வெயில் மின்னும் கடல். கடைசியில் அக்காவின் இடம் வந்தது. ராஜா வீட்டுச் சுவரில் கருவாடா என்று கை நின்றது. ஆமை சொன்னது நினைவுக்கு வந்தது. வந்தும், அங்கே மணலைத் தீட்டினான்.

நிமிர்ந்து பார்த்தால் பாய் இல்லை, கருவாடு இல்லை, அக்கா இல்லை. வாடைகூட இல்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஆனாலும், 'மூணு நாள் இருக்கே, ராஜாகிட்ட காட்டிட்டு வந்து திருத்திக்கலாம்' என்று படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ராஜாவைப் பார்ப்பது லேசா? முதல் நாள் கோட்டை வாசலிலேயே போயிற்று. காவல்காரன் கேட்டான்: "நீ கருவாட்டுக்காரி சங்கம்மா தம்பிதானே?"

"எனக்கு அக்காவே கிடையாது." படத்தில் வானம் காய்ந்தது.

இரண்டாம் நாள் ராணி கேட்டாள்: "இந்தக் கரையில ஒரு பொம்பளை உக்காந்திருப்பாளே, அவ எங்கே?"

"அங்க யாருமே கிடையாதுங்க." படத்தில் கடல் காய்ந்தது.

மூன்றாம் நாள் சபை நிறைந்திருக்க ராஜா கேட்டார்: "பிரமாதம். உன்னை வளர்த்தது யாரப்பா?"

"நானாத்தான் வளர்ந்தேன், ராஜா." மணலும் காயத் தொடங்கியது. அக்காவின் இடத்தில் கட்டைவிரல் அகலம்தான் ஈரம் பாக்கி.

பொன்மாலை வந்தது. நீலன் கழுத்தை நீட்டினான். சாப்பிட்டியா என்று மூன்று நாளாக ஒருத்தரும் தன்னைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ராஜா, நான் சொன்னது பொய். எனக்கு அக்கா இருக்கா. கருவாடு விக்கிறவ. விரல் வெடிச்சு உப்பு எரிய எரிய என்னை வளர்த்தா. உங்க முன்னாடி அதைச் சொல்லக் கூசி அவளையே அழிச்சிட்டேன்."

சபை அவனையே பார்த்தது. அவமானத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மடியிலிருந்த சாயத்தை விரலில் எடுத்து ஈரத்தில் அப்பினான். சேலைக்கு ஒரு சிவப்பு, கைக்கு ஒரு பழுப்பு, மீனுக்கு ஒரு வெள்ளி.

"இதென்ன மூணு பொட்டு?" என்றார் மந்திரி.

"பத்தடி தள்ளி நின்னு பாருங்க."

நின்றார்கள். ஒரு பெண் குனிந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சபை முழுக்கக் கருவாட்டு வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், நீலனைத் தவிர. ராணி மட்டும், "எனக்குப் பசிக்குது," என்றாள்.

நீலன் மாலையை அங்கேயே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினான். பாயருகே அக்கா இருந்தாள்.

"எங்கடா போயிட்டே? சாப்பிட்டியா?"

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். அக்கா கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்தாள்.

"என்னை நினைச்சா அவ்வளவு கேவலமாவாடா இருந்துச்சு?"

"இருந்துச்சுக்கா. இப்ப என்னை நினைச்சாத்தான் இருக்கு."

அவள் கூடையை நிரப்பி அவன் தலையில் ஏற்றினாள். "ராணிக்குப் பசிக்குதுன்னியே, கொண்டு குடு."

ராணி வாசலுக்கே வந்து கூடையை வாங்கிக்கொண்டாள். பொன்மாலையை அக்காவுக்குக் கொடுத்தனுப்பினாள். அதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் கோட்டை வாசலில் அதே காவல்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரது?" என்றான். தெருவே திரும்பிப் பார்த்தது. நீலனுக்குக் காது மடல்வரை சிவந்தது.

"சங்கம்மா தம்பி," என்றான், கடைசி வீடுவரை கேட்கும்படி.