உலகம்மாளின் பட்டறை

மனைவி இறந்து இரண்டு மாதம் கழித்து அனவரதம் மடத்துக்கு வந்தார். அவள் இறப்பதற்கு முந்திய பதினோரு வருடத்தில் அவர் வராத ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

மடம் என்பது பெயருக்குத்தான். ஆற்றை ஒட்டி இரண்டு அறை, ஒரு கூடம், சுற்றிலும் கொஞ்சம் தோட்டம். குரு அனவரதத்தைவிட ஏழெட்டு வயது இளையவர். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் பேசுவார். மற்ற நேரமெல்லாம் தோட்டத்தில் இருப்பார். அன்றும் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

அனவரதம் கும்பிட்டார். அவருடைய விரல்களில் சிமெண்ட் காய்ந்து தோல் வெடித்திருந்தது.

"கையில என்ன?"

"தோட்டத்துக் கொட்டகையைப் பிரிச்சுக் கட்டுறேன் சாமி. மம்பட்டி, உரச் சாக்கு எல்லாம் போட்டு வச்சிருந்தோம்லா, அது. அதைப் பட்டறையா மாத்துறேன்."

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு."

குரு குழாயை மூடினார்.

அனவரதத்தின் மனைவி உலகம்மாள் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பாள். அப்பாவின் கடையில் கற்ற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். அந்த நடையில் எப்போதும் ஈரம் இருக்கும். தோட்டத்தில் சும்மா கிடக்கும் கொட்டகையைச் சரி செய்து கொடுத்தால் அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பேன் என்று அவள் கேட்டாள். வருகிற மாதம் பார்ப்போம் என்றார் அனவரதம். அந்த வருகிற மாதம் பல வருடமாக வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நண்பகலில், யாரோ கொண்டுவந்து வைத்த கிரைண்டரை அவள் ஓட்டிப் பார்த்தபோது மின்சாரம் தாக்கியது. அனவரதம் அப்போது அரிசி மில்லில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முன்னாடியே கட்டிக் கொடுத்திருந்தா அவ இருந்திருப்பாளா சாமி?"

"இருந்திருப்பா."

அனவரதம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் அவ விதி அவ்வளவுதான்னு சொல்றாங்க."

"நீர் தூங்கணும்னு அப்படிச் சொல்றாங்க. தூக்கம் வருதா?"

"வரலை."

குரு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"கொட்டகை கட்ட நேரமில்லாம அப்படி என்ன வேலை உமக்கு?"

"ஆறு நாளும் மில்லு. ஞாயித்துக்கிழமைதான் ஓய்வு. அன்னைக்கு..." அனவரதம் நிறுத்தினார்.

"சொல்லும்."

"அன்னைக்கு இங்க வந்துருவேன்."

குரு பாத்தியில் தேங்கிய தண்ணீர் வற்றும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பதினோரு வருஷமா நானும் உம்மகிட்ட வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. கட்டி முடிச்சதும் கூப்பிடும். வாரேன்."

அனவரதம் திரும்பிப் போனார். மில் வேலையை விட்டுவிட்டார். கரையான் அரித்த தூண்களைப் பிடுங்கினார். செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினார். தரையை ஓர் அடி உயர்த்தி, மேலே சிமெண்ட் பூசினார். மின்சார வேலைக்கு ஆள் வந்தபோது பக்கத்திலேயே நின்று, எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவனைப் போகவிட்டார். மேசைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டார். திருப்புளி, குறடு, சுத்தியல் எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக மாட்டினார்.

கூரை போட வந்த கொத்தனார் கேட்டார்: "யாருக்கு அண்ணாச்சி இது? வாடகைக்கு விடப் போறீயளா?"

அனவரதம் அவரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீதிக் கூரையைத் தாமே போட்டார்.

ஐப்பசியில் வேலை முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மடத்துக்கு வந்தவர்களிடம் இன்றைக்குப் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டு குரு நடந்தே வந்தார்.

பட்டறை நன்றாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மூலையில், உலகம்மாளிடம் வந்து பழுது பார்க்கப்படாமல் போன பொருள்களை அனவரதம் கொண்டுவந்து வைத்திருந்தார். மூன்று மிக்சி, ஒரு மேசை விசிறி, ஒரு தையல் மிஷின் மோட்டார். ஒவ்வொன்றிலும் உலகம்மாளின் கையெழுத்தில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது.

குரு மேசை முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இடது பக்கச் சன்னலிலிருந்து வெளிச்சம் மேசைமேல் விழுந்தது.

"சன்னலை ஏன் இந்தப் பக்கம் வச்சீர்?"

"இடது பக்கமிருந்து வெளிச்சம் வந்தா கை நிழல் வேலை மேல விழாது சாமி."

"அந்தம்மா எந்தக் கையால திருப்புளி பிடிப்பாங்க?"

"வலது கைதான். சாப்பிடுறது, எழுதுறது எல்லாம்..."

"நான் அதைக் கேட்கலை."

அனவரதம் யோசித்தார். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். நடையில் அவளைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போவார். கண்ணை மூடி எவ்வளவு நினைத்துப் பார்த்தும் சாக்கில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய முதுகுதான் வந்தது. கை வரவில்லை.

"தெரியலை சாமி."

"தெரிஞ்சவங்க யாரும் இருப்பாங்க. கேளும்."

குரு எழுந்து போய்விட்டார். குரு கையால் விளக்கேற்ற எண்ணெயும் திரியும் எடுத்து வைத்திருந்தார் அனவரதம். அவை அப்படியே இருந்தன.

மறுநாள் தையல் மிஷின் மோட்டாரை எடுத்துக்கொண்டு பீர் பாத்து என்பவளின் வீட்டுக்குப் போனார். சீட்டில் அவள் பெயர் இருந்தது. மேலத் தெருவில் தையல் வேலை செய்கிறவள். மோட்டாரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி பண்ணலைம்மா. அப்படியே கொண்டாந்திருக்கேன்," என்றார் அனவரதம். "உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அவ எந்தக் கையால வேலை பாப்பா?"

பீர் பாத்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இடது கைதாண்ணே. உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுல அவங்கம்மா கையில சூடு போட்டுச் சோத்துக்கும் எழுத்துக்கும் மாத்திட்டாங்களாம். திருப்புளியைத் தொட மட்டும் யாரும் தடுக்கலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"சிரிப்பாளா?"

"தெரு முனை வரைக்கும் கேக்கும்ணே."

அனவரதம் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

அவர் மிக்சிகளையும் விசிறியையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த இடமெல்லாம் உட்கார்ந்து கேட்டார். டீக்கடைச் சுடலைமுத்து சொன்னார்: "மிக்சியைத் திறக்கவே மாட்டாங்க அண்ணாச்சி. மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்து, மோட்டார் காயில் கருகிருச்சு, புஷ் தேஞ்சிருச்சுன்னு சொல்லிருவாங்க. தப்பினதே இல்லை." பள்ளிக்கூட ஆயா சொன்னாள், கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பாட்டு முணுமுணுப்பாள் என்று. என்ன பாட்டு என்று கேட்டார் அனவரதம். ஆயாவுக்கு ஞாபகமில்லை.

கடைசியாக மேசை விசிறிக்குச் சொந்தக்காரர் வீடு. அந்த வீட்டுப் பெண்ணும் உலகம்மாளும் ஒன்றாகப் படித்தவர்கள். பெயர் இசக்கியம்மாள்.

"கொட்டகையைப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காளா?"

"முன்னாடி சொல்லுவா. சன்னல் எங்க, மேசை எங்கன்னு தரையில விரலால வரைஞ்சு காட்டுவா. அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுட்டா. ஆறேழு வருஷமிருக்கும்."

"என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லை. நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம சாமிகிட்ட போயிட்டு வாறீயள்னு பெருமையாத்தான் சொல்லுவா."

அனவரதம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்த செம்பை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

சன்னலை மாற்ற மூன்று நாள் ஆயிற்று. வலது பக்கச் சுவரை உடைத்துத் திறந்தார். இடது பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்தார். நான்காம் நாள் காலையில் முக்காலியில் உட்கார்ந்து திருப்புளியை இடது கையில் பிடித்துப் பார்த்தார். நிழல் விழவில்லை. அங்கேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

குரு கூடத்தில் தனியாக இருந்தார்.

"சன்னலை மாத்திட்டேன் சாமி."

"ம்."

"இப்ப வெளிச்சம் சரியா விழுது."

"ம்."

"யாரும் வந்து உக்காரப் போறதில்லை."

"ஆமா."

அனவரதம் தூணில் சாய்ந்தார்.

"அவ செத்த அன்னைக்கு எல்லாக் காரியத்தையும் நான்தான் நின்னு பாத்தேன் சாமி. பந்தல்காரனுக்குச் சொல்லி விட்டேன். வந்தவங்களுக்கு நாற்காலி போட்டேன். கை கால் பதறலை. இப்ப யார் வீட்டுலயாவது மிக்சி ஓடுற சத்தம் கேட்டாலே நெஞ்சை அடைக்குது. நாளாக நாளாகக் குறையும்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் சாமி கூடிக்கிட்டே போகுது?"

குரு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குச் செத்தது உம்ம வீட்டுக்காரி. உலகம்மாள் இப்பத்தானே செத்திருக்கா."