தட்டாம்புதூரின் காலிப்ரேஷன்

தட்டாம்புதூர்க்காரர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எடை மெஷினைக் காலிப்ரேஷன் செய்யாவிட்டால் சொசைட்டிக்குப் பூட்டு. செயலாளர் மாசிலாமணி அந்தச் சொல்லை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு நன்றாக இருந்தது. அர்த்தமும் கீழேயே போட்டிருந்தது: எடைக்குச் சான்று உள்ள ஒரு பொருளை மெஷினில் வைத்து, முள் அதே எடையைக் காட்டும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அந்தப் பொருளை வெறுங்கையால் தொடக்கூடாது. ஈரம் படாமல், எடை மாறாமல் மூடி வைக்க வேண்டும்.

"எடைக்குச் சான்று யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டார் மாசிலாமணி.

செங்கோடன் பெருமையோடு எழுந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈரோடு ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்த்த டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். அறுபத்திரண்டு கிலோ. அதற்குப் பிறகு அவன் தின்ற சோற்றுக்கு டிக்கெட் கிடையாது.

அவனை மெஷினில் ஏற்றினார்கள். முள் எழுபத்தொன்றில் நின்றது.

"பாத்தீங்களா, ஒம்பது கிலோ பொய் சொல்லுது" என்றாள் நாலு எருமைக்காரி பழனியாத்தாள். அறுபத்திரண்டுக்கு வரும்வரை திருகைத் திருப்பினார்கள். பிறகு, கடிதத்தில் சொன்னபடி செங்கோடனைச் சாக்கால் பிடித்துத் தூக்கி, ஃபைல் வைக்கிற கண்ணாடி பீரோவில் வைத்து மூடினார்கள்.

"ஏனுங்க, நான் எப்பச் சோறு திங்கறது?" என்றான் உள்ளேயிருந்து.

இது நியாயமான கேள்வி என்பதால் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். முடிவை மாசிலாமணி அறிவித்தார். "வெளிய போன அளவுக்குத் திங்கலாம். தின்ன அளவுக்கு வெளிய போகலாம். பாக்கி நிக்கக்கூடாது."

செங்கோடனுக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமைதான் அவன் அக்கா மகள் தாரணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்குப் பிறகு கிடாவிருந்து. அந்தக் கறிச்சோற்றை நினைத்தே அவன் ஒரு மாதமாகச் சந்தோஷமாக இருந்தான். கண்ணீர் விட்டால் எடை குறையும் என்று அழவும் விடவில்லை.

அடுத்த நாள் இன்னொரு தொல்லை. மெஷினில் ஒன்றுமே இல்லாதபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது கிலோ இறங்கி நின்றது. ஒன்றுமில்லாததற்கு எப்படி எடை குறையும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கையில், தம்பியைக் கேட்டுச் சண்டை போட வந்தாள் செங்கோடனின் அக்கா. கை ஓங்குவதற்கு வசதியாகத் தாரணியை மெஷின்மேல் உட்கார வைத்தாள். பதினொரு மாதக் குழந்தை. முள் நேராகப் பூஜ்யத்தில் வந்து நின்றது.

"அசையாதே" என்றார் மாசிலாமணி.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். தான் கொண்டுவந்த இருபது கிலோ படிக்கல்லைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார். முள் இருபது காட்டியது.

"இந்தக் குழந்தை?"

"அது மெஷினோட சேந்ததுங்க."

அப்போது பீரோவுக்குள்ளிருந்து செங்கோடன் கண்ணாடியைத் தட்டினான். அவனுடைய டிக்கெட்டை அதிகாரி வாங்கிப் பார்த்தார். அவனையும் குழந்தைக்குப் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தார். எழுபத்தொன்று.

"மெஷின் சரியா இருக்கு. இந்த ஆள்தான் ஒன்பது கிலோ தப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேகமாக ஜீப்பில் ஏறினார். அப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

தப்பான ஆளைப் பூட்டி வைத்ததற்கு ஊரே வருத்தப்பட்டது. மெஷின்மேலேயே செங்கோடன் உட்கார்ந்து, தாரணியை மடியில் வைத்துக்கொண்டான். காது குத்தியாயிற்று. குழந்தையை இறக்கக்கூடாது என்பதால் பந்தியும் அங்கேயே நடந்தது. அவன் முன்னால் இலை போட்டு, ஆவி பறக்கக் கறிச்சோறு வைத்தார்கள். அக்கா குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டினாள்.

"நிறுத்து" என்றாள் பழனியாத்தாள். "புள்ளை ஒம்பது கிலோவைத் தாண்டிட்டா மெஷின் என்னத்துக்கு ஆகும்?"

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். பிறகு பீரோவைப் பார்த்தார்கள். மாசிலாமணி சாக்கைக் கையில் எடுத்தார்.

செங்கோடன் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டான். மூன்று நாள் உள்ளே இருந்தவன் அவன்.

"புள்ளையை விடுங்க" என்றான். "அது எவ்வளவு ஏறுதோ, அவ்வளவு நான் இறங்கிக்கறேன். கணக்கு நேராயிரும்."

ஊர் யோசித்துப் பார்த்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து குழந்தை தின்னும் ஒவ்வொரு வாய்க்கும் செங்கோடன் இலையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

தாரணிக்கு அன்றைக்கென்று நல்ல பசி.