முழுமண்டியில் மூன்று தாய்மார்

கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகவே சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

திருச்சியில் மூன்று பெண்கள் நாற்பது வருஷமாகச் சேர்ந்து பரதம் ஆடிவருகிறார்கள். சுலோச்சனா, ஹேமலதா, ஜெசிந்தா. இப்போது மூத்தவள் சுலோச்சனாவுக்கு எழுபது; மற்ற இருவரும் ஓரிரு வயது இளையவர்கள். ஒத்திகைக்கு வந்ததும் முதலில் அவரவர் முட்டிக்குத் தைலம் தடவிக்கொள்வார்கள். நம்மை மேடையில் பார்க்கிறதுக்கு முன்னாலேயே ஜனங்களுக்கு வாசனை போய்ச் சேர்ந்துவிடும் என்பாள் ஹேமா.

ஐம்பது வயதில் அவர்கள் ஓர் உறுதி எடுத்திருந்தார்கள். மூத்த ஆட்டக்காரி ஒருத்தி மேடையில் தடுமாறியதையும், கூட இருந்தவர்கள் அவளிடம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று சிரித்ததையும் பார்த்துவிட்டு வந்த நாள் அது. நம்மில் ஒருத்தி மேடையில் தவறினால், மற்ற இருவரும் மறைக்காமல் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றே அவள் சலங்கையைக் கழற்றிவிட வேண்டும், மறுபடி கட்டக் கூடாது. ஒருத்தி மட்டும் சொன்னால் செல்லாது, அது பொறாமையாகவும் இருக்கலாம் என்று சேர்த்தவள் ஜெசிந்தா. மூவரும் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தியம் செய்தார்கள்.

இந்த வருஷம் புதிதாக ஒன்றை அமைத்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கரை வைத்தியரிடம் போக ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருக்கும் மூன்று தாய்மார். முடிவில் மூவரும் முழுமண்டியில், அதாவது குதிகாலைத் தூக்கி அதன்மேல் முழுக்க உட்கார்ந்திருக்க, தூரத்தில் படகு தெரியும். கடைசித் தாளத்தில் மூவரும் ஒரே வீச்சில் எழ வேண்டும்.

ஒத்திகையிலேயே சுலோச்சனாவுக்கு அது உறுத்தியது. "படகு இன்னும் கரைக்கே வரலை. குழந்தை இப்பத்தான் கண் அசந்திருக்கு. பெத்தவ இப்படியா துள்ளி எழுந்திருப்பா?" என்று கேட்டாள்.

"உட்கார்ந்தே இருந்தா கிழவிக்கு முட்டி வலின்னுதான் சொல்வாங்க. எழுந்திருடி," என்றாள் ஹேமா. ஜெசிந்தாவும் அதையே சொல்ல, சுலோச்சனா விட்டுக்கொடுத்தாள்.

அரங்கேறிய மாலை, கூடம் நிறைந்திருந்தது. கடைசித் தாளம் விழுந்தது. ஹேமாவும் ஜெசிந்தாவும் எழுந்தார்கள். நடுவில் இருந்த சுலோச்சனாவின் வலது முட்டி மறுத்துவிட்டது. ஊன்றிக்கொள்ள அவள் இடது கை தரையை நோக்கி இறங்கியது. அது தரையைத் தொடுமுன், ஹேமா திரும்ப உட்கார்ந்துவிட்டாள், மடியில் குழந்தை அசைந்தது போல. சுலோச்சனாவின் கையும் தரைக்குப் போகாமல் மடிக்கு வந்தது. ஓரத்தில் நின்ற ஜெசிந்தா இரண்டையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, நின்றபடியே ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவர் உட்கார்ந்திருக்க ஒருத்தி மட்டும் படகைப் பார்த்து நிற்கிறாள். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

ஒப்பனை அறையில் சுலோச்சனா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலின் சலங்கையை அவிழ்த்தாள். மற்றதில் கை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"சத்தியம் பண்ணியிருக்கோம். சொல்லுங்க. தவறினேனா?"

"என்னத்தத் தவறினே? அந்த இடம் அப்படித்தான் இருக்கணும்னு எனக்குத் தோணிச்சு, நானும் உட்கார்ந்தேன். வா, பசிக்குது," என்றாள் ஹேமா.

ஜெசிந்தா சொன்னாள்: "எழுந்திருக்கப் பார்த்தே. முடியலை. கை தரைக்குப் போச்சு. நான் பார்த்தேன், சுலோ."

சுலோச்சனாவின் விரல்கள் சலங்கைக் கயிற்றிலேயே இருந்தன.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொய் சொன்ன ஹேமா, உண்மை சொன்ன ஜெசிந்தா, இந்த இருவரில் யார் செய்தது சரி?

*

என்னைக் கேட்டால், தீர்ப்பு ஜெசிந்தாவுக்கு. ஹேமா உட்கார்ந்ததை அவள் பார்த்திருந்தாள். அப்படி உட்கார்ந்தவள் வாயிலிருந்து 'தவறினாய்' என்ற சொல் வரவே வராது என்று அவளுக்குத் தெரியும். தான் ஒருத்தி சொன்னால் செல்லாது என்ற விதியும் அவள் போட்டதுதான். ஆகவே அவள் சொன்ன உண்மையால் அந்தச் சலங்கை கழலப் போவதில்லை. சொல்லாமல் விட்டிருந்தாலோ, அடுத்த முறையும் சுலோச்சனா அந்த முட்டியை நம்பி எழப் பார்த்திருப்பாள். ஹேமாவையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. கை தரையைத் தொடுமுன் உட்கார்ந்தாளே, அதற்கு மேல் ஒரு தோழி என்ன செய்துவிட முடியும்? சுலோச்சனா மூன்று நாள் ஜெசிந்தாவோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒத்திகைக்கு வந்து, "நான் எழுந்திருக்கப் போறதில்லை. முதல்லயே சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள். அடுத்த மேடையில் கடைசித் தாளம் விழுந்தபோது அவள் எழவில்லை, எழ முயலவும் இல்லை. குனிந்து, மடியில் இருந்த குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் விட்டதா என்று தெரிந்துகொள்ள, கூடம் முழுக்க மூச்சுவிடாமல் காத்திருந்தது.