எரிகாற்றுக்கு ஒரு சுங்கச்சாவடி

முன்னொரு காலத்தில், மண்ணுக்குள் கிடக்கும் காற்றைக்கூட விட்டுவைக்காத ஒரு ராஜா இருந்தார். ஓடைமேட்டில் கிணறு தோண்டும்போது பந்தம் பட்டுக் குபீரென்று தீ எழுந்தது என்று யாரோ சொன்னார்கள். "அந்த எரிகாற்றை மூங்கில் குழாயில் பிடித்து வாருங்கள். நம் அரண்மனை விளக்கெல்லாம் அதில்தான் எரியவேண்டும்!" என்றார் ராஜா.

மந்திரி அமரபுயங்கர் உடனே ஒரு சட்டம் போட்டார். ஒரு முழ ஆழம் வரை மண் ஊருக்கு, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அரசருக்கு. அதாவது, ஊருக்குச் சல்லிக்காசு கிடையாது. அதை ஓலையில் எழுதிக் கொடுத்தவன் அரசவை விகடகவி பிச்சாண்டி. "உம் கையெழுத்தைப் போல் உண்டா?" என்று மந்திரி ஒரு வார்த்தை சொன்னதும் நம் ஆளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன எழுதுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. நாட்டிலேயே பெரிய புத்திசாலி என்று பெயர் வேறு!

ஓடைமேடு அவன் மாமியார் ஊர். அங்கே போய்வந்த மனைவி செங்கமலம் பிடித்துக்கொண்டாள்.

"தோண்டின சகதியெல்லாம் குளத்துல விழுந்து மாடுகூட வாய் வைக்கல. தூர்வார ஊர்ச்சபைகிட்ட காசில்ல. பங்கு கேட்டா உங்க ஓலையைக் காட்டுறாங்க. என் மூஞ்சியை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

பிச்சாண்டிக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

கிணறு திறக்கும் நாளன்று ராஜா பரிவாரத்தோடு வந்தார். கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பு. பக்கத்தில் சுங்கக்காரனைப் போலப் பிச்சாண்டி சம்மணம் போட்டிருந்தான்.

"அரச காரியத்துக்குத் தடையா? இவன் தலையை வாங்கவேண்டும் பிரபு!" என்று குதித்தார் மந்திரி.

பிச்சாண்டி சம்மணத்தைக் கலைக்காமலே கைகூப்பினான்.

"மகாராஜா, கீழே உள்ள காற்று தங்களுடையதுதான். ஆனால் மேலே வர அது ஊர் மண்ணில் ஒரு முழம் கடக்கவேண்டும். ஊர் எல்லையைக் கடக்கும் சரக்கு எதுவானாலும் ஊர்ச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம். தங்கள் நெல்வண்டிகளே இன்றும் கட்டுகின்றன."

"காற்றுக்கு ஏதய்யா எல்லை?" என்றார் மந்திரி.

"எல்லை வகுத்தது தாங்கள், எழுதியது அடியேன். இல்லையென்றால் அந்த ஒரு முழத்தைத் தொடாமல் காற்றை வெளியே எடுத்துக் காட்டுங்கள்."

மந்திரி கிணற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்தில் ஒரு பங்கு ஊருக்கே என்றும், பக்கத்தில் சகதியாய்க் கிடந்த குளத்தை அரண்மனைச் செலவில் தூர்வாரும் வரை கிணற்றைத் திறக்கக்கூடாது என்றும் அங்கேயே ஆணையிட்டார். பிச்சாண்டிக்கு ஒரு பொற்கிழியும் கிடைத்தது.

கிழியோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவனைச் செங்கமலம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊரே உங்களைப் புத்திசாலின்னு பேசுது. என்னன்னு பாக்காமலே ஓலை எழுதினதைப் பத்தி நானும் வாயைத் திறக்கல."